நகையும் நாட்டினமும்

மேசைமீது ஏறிய ஒருவன் மின்குமிழைப் பிடித்திருக்க, நால்வர் அம்மேசையைச் சுற்றுகின்றனர். குமிழொன்றைப் பொருத்துதற்கு ஐவர் வேண்டியதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் இக்கதை போலந்தியர்மீது சொல்லப்பட்டது. இவ்வகை மூடக் கதைகளுக்குப் பிரித்தானியாவில் அயர்லாந்தரும், பிரான்சில் பெல்ஜியரும், பிறேசிலில் போர்த்துக்கேயரும் உரியராயினர். (போர்த்துக்கேயர் அந்நாட்டை முன்னர் ஆண்டவர் என்பது சுவைக்கத்தக்கது.) சமூகவியலாளர் கிறிஸ்ரி டேவிஸ் 1990இல் வெளியிட்ட நூல் இவ்வொப்புமையை விரிவாக எடுத்துக்காட்டுகின்றது. பெயர் மாறினும் கதை மாறாதெனின், அவ்வினத்தாரின் அறிவு பற்றி அது எதனையும் கூறவில்லை என்பது வெளிப்படை.

அவ்வாறாயின் அந்நகை குற்றமற்றதா? விரைந்து விடை கூறல் தகாது. ஹங்கேரியில் 1912இல் பிறந்து 1938இல் இலண்டனுக்கு வந்த ஜோர்ஜ் மிகேஷ், ஆங்கிலேயரின் வழக்கங்களை எள்ளி 1946இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஆங்கிலேயர் சினந்திலர், விரும்பி வாங்கினர். அதனை அவர்தம் பெருந்தன்மை எனப் பாராட்டுவோர் உளர். பாராட்டலாம், ஆயின் அந்நகையால் அவர்கள் இழப்பதற்கு யாதும் இருக்கவில்லை என்பதையும் உடன் கூறல் வேண்டும். வீடும் தொழிலும் வழங்கும் அதிகாரம் அவர்தம் கையிலேயே இருந்தது. கட்டட வேலை தேடி அதே நகருக்கு வந்த அயர்லாந்துத் தொழிலாளியின் நிலை வேறு. மூடன் என்னும் பெயர் அவனுக்கு முன்னரே வேலைத்தலத்தை அடைந்துவிடுகின்றது. கதையைச் சொன்னவன் அதனை நம்பவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். எனினும் கேட்டிருக்கும் தொழிலாளியும் உடன் சிரித்தல் வேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது. சிரியாவிடின், நகைச்சுவை அறியாதவன் என்னும் இரண்டாம் பெயரும் அவனுக்கு வாய்க்கின்றது.