ஓய்ந்த குதிரையின் தீனி

பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ 25 ஆண்டுக்கு மேல். சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் ஓடிய குதிரைக்கும், ஜெயித்துக் கொடுத்த காலத்தைவிடச் சும்மா நிற்கும் காலமே நீளம். அந்தக் காலத்தில் போடும் தீனி கடனா, கருணையா?

அர்த்தசாஸ்திரம் கடன் பக்கம் நிற்கிறது. போராலும் நோயாலும் மூப்பாலும் உழைக்க முடியாமல் போன குதிரைகளுக்கும் அரசின் தீனி உண்டு என்கிறது, ஒருவகை ஓய்வூதியம். சமணம் உழைத்ததா என்றே கேட்பதில்லை, உயிராக இருந்தால் போதும். அயனாவரத்தில் 1906இல் தொடங்கிய மெட்ராஸ் பிஞ்சரப்போல் என்ற விலங்குக் காப்பகம் பெரும்பாலும் மாடுகளுக்கானது. ஆனால் பிஞ்சரப்போல் என்ற ஏற்பாடே சமணத்தின் இந்த எண்ணத்தில் வளர்ந்ததுதான். இரண்டில் சமணத்தின் வாதமே உறுதியானது. கடன் என்றால் கணக்குப் பார்ப்பார்கள்; ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத குதிரைக்கு என்ன பாக்கி என்பார்கள்.

ஆனால் சமணம் அறிவை முன்னும் கருணையைப் பின்னும் வைக்கிறது. அதன் நியாயம் லாயத்தில் தெரியும். குதிரைக்கு இரைப்பை சிறிது. வாந்தி எடுக்கவும் முடியாது. 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல்லைப் பல வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தண்ணீர் 25 லிட்டராவது வேண்டும், சென்னைக் கோடையில் இன்னும் அதிகம். பல் தேய்ந்த கிழக்குதிரை புல்லை மென்று விழுங்க மாட்டாமல் உருட்டித் துப்பிவிடும். அதற்கு ஊறவைத்த தீனியும் தவிட்டுக் கஞ்சியும்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த குதிரைக்கு, பாவம் என்று வாளி நிறையக் கொள்ளு வைப்பதுதான் பெரிய ஆபத்து. மாவுச்சத்து திடீரென ஏற, இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து சில நாளில் சாகக்கூடும். குதிரைமசாலைச் சிறு சிறு பங்காகத் தொடங்கி, பத்து நாள் போல எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டுவதே முறை. பாண்டிய நாட்டில் குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்தன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனால் போட்டவர்கள் குறைத்துப் போட்டதாக அவர் சொல்லவில்லை; குறைந்தது அறிவுதான்.

தீராத வலியில் கிடக்கும் குதிரையிடம்தான் சமணத்தின் வாதம் திணறுகிறது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியில்லாத கன்றை ஊசி போட்டுக் கொல்லச் செய்த காந்தி, அதையும் அகிம்சை என்றார்; சமணர் பலர் கடுமையாக எதிர்த்தனர். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்றானால் அந்த விலங்கைக் கொல்ல 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இடம் தருகிறது. பிஞ்சரப்போல் மரபு அந்த இடத்தை ஏற்பதில்லை. வலிமருந்து, மெத்தென்ற வைக்கோல், கடைசிவரை தண்ணீர் என்பதோடு அது நின்றுகொள்கிறது.