ஏரிக்கரையில் தேராது தெளிதல்

மயக்க அறிவு எவ்வாறு பிறக்கிறது என்ற கேள்விக்கு இந்திய மெய்யியல் நூல்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் எடுத்துக்காட்டு, மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று காண்பதாகும். கௌடபாதர் தம் மாண்டூக்கிய காரிகையில் இதனை எடுத்தாண்டார். அவர்வழி வந்த அத்வைதிகள், அந்தப் பாம்பை உள்ளது என்றும் சொல்ல இயலாது, இல்லது என்றும் சொல்ல இயலாது என வாதிட்டு, அந்நிலைக்கு அநிர்வசனீயம், அதாவது சொல்லால் வரையறுக்க முடியாதது, என்று பெயரிட்டனர். விளக்கு வந்ததும் கயிறு புலப்படும், பாம்பு மறையும், அச்சமும் நீங்கும். இங்கே பிழையால் துன்புறுபவர் காண்பவர் மட்டுமே; கயிற்றுக்கு இழப்பு ஏதுமில்லை. காணப்படுவதும் ஓர் உயிராக இருப்பின் அப்பிழைக்கு யார் பொறுப்பு என்ற வினாவை இந்த எடுத்துக்காட்டு எழுப்புவதே இல்லை.

அவ்வினா சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழுகிறது. இவ்வூர் ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, 2022இல் அறிவிக்கப்பட்ட அந்நிலத்தின் நீர்வழிகளை ஒட்டியே வீடுகள் நெருங்கி நிற்பதால், வெள்ளம் ஏறும்போது மேடு தேடும் பாம்புகள் வாசற்படிக்கு வந்துவிடுகின்றன. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் தண்ணீர்ப் பாம்பு நஞ்சற்றது. ஆயினும் அச்சுறுத்தப்பட்டால் கழுத்தைத் தட்டையாக்கித் தலைதூக்குவதால், படமெடுக்கும் நல்ல பாம்பு என்று கருதி அடித்துக் கொல்லப்படுகிறது. அதன் கண்ணிலிருந்து கீழ்நோக்கிச் சாயும் இரு கருங்கோடுகளும், நடுவில் வரம்பு கொண்ட சொரசொரப்பான செதில்களும் அதனை வேறுபடுத்தும் அடையாளங்கள். நல்ல பாம்பின் செதில்களோ வழுவழுப்பானவை. கட்டுவிரியனுக்கும், நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புக்கும் உள்ள ஒப்புமை இதைவிட நுட்பமானது: கட்டுவிரியனின் வெண்கட்டுகள் கழுத்தருகே மங்கி வால்நோக்கித் தெளிவடைய, ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிந்து வால்நோக்கி மங்கும். கட்டுகள் அறவே மங்கிய கட்டுவிரியன்களும் உண்டு என்பதால், விளக்கைக் கொண்டுவந்தாலும் இந்த ஐயம் சில வேளைகளில் தீர்வதில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், மயக்க அறிவும் வெறும் கற்பனையன்று, காணப்படும் பொருளிலேயே அதற்கு ஓரளவு அடிப்படை உண்டு என்று கொண்டார். சிப்பியை வெள்ளி என்று காண்பவர், சிப்பியில் உண்மையாகவே உள்ள வெள்ளியின் கூற்றையே காண்கிறார் என்பது அவர் கொள்கை. ஏரிக்கரைப் பாம்பைப் பொறுத்தவரை கௌடபாதரின் கயிற்றைவிட இவ்விளக்கமே பொருத்தமானது. தட்டையான கழுத்தும் வெண்பட்டையும் பார்ப்பவர் மனம் ஏற்றியவை அல்ல. அவை பாம்பின் உடலிலேயே உள்ளவை. ஆகவே பயந்தவரை அறிவிலி என்று பழிப்பது நேர்மையாகாது.

பழி அச்சத்திற்கு அன்று, அடுத்த நொடியில் ஓங்கும் கோலுக்கே உரியது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அளவைவாதி, அறிவின் குற்றங்களாக எட்டினை எண்ணுகையில், ஐயத்தையும் தேராது தெளிதலையும் தனித்தனியே வைக்கிறான். தறியோ ஆளோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை ஆள் என்று துணிவது தேராது தெளிதல். அளவை நூலில் இரண்டும் குற்றங்களே. அறத்தின் நோக்கில், உயிர் ஒன்று எதிரில் இருக்கும்போது, இவை ஒரே எடையுடையன அல்ல. ஐயத்தில் நிற்பவர் பின்வாங்கினால், எதிரிலிருப்பது நல்ல பாம்பாயினும் தண்ணீர்ப் பாம்பாயினும் இரு உயிர்களும் பிழைக்கும். தேராது தெளிந்தவரின் அடியில் நஞ்சற்றது மாள்கிறது, நஞ்சுடையதாயின் நெருங்கியவரே கடிபடுகிறார். எனவே ஐயம் தீர்ந்த பிறகுதான் செயல் என்பது இங்கே பொருந்தாது. ஐயத்திலேயே செய்யத்தக்க சரியான செயல் ஒன்று உண்டு, அது விலகி நிற்பது.

நஞ்சுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் கொல்லலாமே என்ற எதிர்வாதத்துக்கு இருளர் பழங்குடியினரே விடையாக இருக்கின்றனர். முன்பு தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்த இம்மக்கள், 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்து, அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே முறிமருந்து தயாராகிறது. இவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். பாம்பை மிக நன்றாக அறிந்தவர்களே அதனைக் கொல்லாமல் விடுகிறார்கள் என்றால், அறியாதவருக்குக் கொல்லும் உரிமை எங்கிருந்து வரும்?

கடித்த பாம்பை அடையாளம் காட்டுவதற்காகவேனும் அடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உள்ளது. அதற்குத் தேவையே இல்லை. மருத்துவர்கள் இமை சரிதல், மூச்சுத் திணறல், குருதி உறையாமை போன்ற குறிகளைக் கொண்டே சிகிச்சையை முடிவு செய்கின்றனர், இங்கு வழங்கும் முறிமருந்து ஒன்றே மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் உரியது. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது என்பதால், வலியில்லை என்று காத்திருப்பதும் தேராது தெளிதலே. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பாம்பு வீட்டிற்குள் இருந்தால் விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவியுங்கள்.