முதல் பெயருக்கு அடுத்த பெயர்கள்

இரு அணிகளின் பந்துவீச்சை ஒப்பிடப் புகுவோர் முதலில் எடுத்துக்கொள்வது இரு பெரும் பெயர்களை. 1980களின் நியூசிலாந்துக்கு ரிச்சர்ட் ஹாட்லி. மேற்கிந்தியத் தீவுகளுக்கு மால்கம் மார்ஷல். ஹாட்லி 86 டெஸ்ட்களில் 431 விக்கெட், சராசரி 22.29. மார்ஷல் 81 டெஸ்ட்களில் 376 விக்கெட், சராசரி 20.94. இந்த அளவில் நின்றுவிட்டால் இரு அணிகளும் ஏறத்தாழ நிகர் என்றே தோன்றும்.

சற்று உள்ளே செல்வோம். ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டோ அதற்கு மேலோ ஹாட்லி எடுத்தது 36 முறை. மார்ஷல் 22 முறை. அதே மேற்கிந்திய அணியின் ஜோயல் கார்னரோ 58 டெஸ்ட்களில் 7 முறைதான். ஒரு டெஸ்ட்டில் பத்து விக்கெட் அவருக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை. ஆயினும் அவருடைய சராசரி 20.97, ஹாட்லியினுடையதைவிடச் சிறந்தது. காரணம் எளிது. ஓர் இன்னிங்ஸில் வீழ்வதற்கு இருப்பவை பத்து விக்கெட்டுகளே. மார்ஷலும் ஹோல்டிங்கும் கார்னரும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் கைக்கே ஐந்து சேர்வது அரிது. ஹாட்லிக்குப் பங்காளிகள் குறைவு. 1985இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸில் 52 ரன்களுக்கு 9 விக்கெட் எடுத்தார். எஞ்சிய ஒன்றுக்கும் கேட்ச் பிடித்தவர் அவரே!

ஆக, ஐந்து விக்கெட் கணக்கு வீரரின் பெருமையைக் காட்டும் அதே வேளையில் அணியின் வறுமையையும் காட்டக்கூடும். முரளிதரனின் 67 முறையையும் இந்த நோக்கில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி மறுமுனை. ஹாட்லிக்குத் துணையாக அயராமல் வீசிய யூவன் சாட்ஃபீல்டின் சராசரி 32.17. கட்டுப்பாடு மிக்கவர்தான், எனினும் ஹாட்லியைத் தடுத்தாடிக் கடத்திவிட்டால் மட்டையாளருக்குச் சற்று மூச்சு விடலாம். மார்ஷலின் ஓவர் முடிந்தால் எதிரே கார்னர். இருவரும் ஓய்ந்தால் ஹோல்டிங். இளைப்பாற இடமே இல்லை.

ஒரு தடை எழும்: 1980இல் டனிடினில் ஹாட்லி 11 விக்கெட் வீழ்த்த, ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட் மூவரும் ஆடிய மேற்கிந்திய அணி ஒரு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றதே, தொடரையும் இழந்ததே? உண்மை. தனி ஒருவர் ஒரு டெஸ்ட்டை வென்று தர முடியும். ஆனால் அத்தொடருக்குப் பின் 1995 வரை மேற்கிந்தியத் தீவுகள் வேறெந்த டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. அதற்கு ஒருவர் போதார்.

அடுத்த முறை இரு அணிகளை ஒப்பிடும்போது பட்டியலின் முதல் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றப் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.