மீண்டவனுக்கு ஏது நடுகல்?

தமிழரின் நினைவுச் சின்னங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்துக் கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலோடு, அதாவது ஆநிரை கவரும் சண்டையோடு, சேர்த்து ஒருவனின் பெயரைச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இத்தனை ஏற்பாடும் களத்தில் விழுந்தவனுக்குத்தான். அதே களத்தில் நின்று பொருதுவிட்டு உயிரோடு ஊர் திரும்பி, நாற்பது ஆண்டு தச்சு வேலை பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுக் கட்டிலில் கண்மூடியவனுக்குக் கல் கிடையாது. ஒருவனை நினைவுகூரத் தகுதி தருவது அவன் செத்த விதமா, வாழ்ந்த விதமா? வாழ்ந்த விதமே என்பது என் கட்சி. அதற்கான சான்று நடுகற்களிலேயே கிடக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் மடிந்தான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. வீரனோடு நாயையும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே பேச்சு அரியணையைப் பற்றியதல்ல, எருமையைப் பற்றியது. எருமை என்றால் பால், தயிர், உழவு, ஒரு குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு. அந்தச் சாவுக்கு மதிப்பு வந்தது அது காத்த வாழ்க்கையால்தான். அப்படியானால், அதே வாழ்க்கையை நாள்தோறும் உளி பிடித்துக் காத்தவனை எந்த நியாயத்தில் ஒதுக்குவது? ஆயுத பூஜையில் நாம் ஒதுக்குவதில்லை. உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஆயுதம் என்றே அழைக்கிறோம்.

கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலைக்குப் புகழ் எதற்கு, உயிரைப் பணயம் வைப்பதும் வாசக்கால் இழைப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லதான். ஆனால் படைவீரனும் சம்பளம் வாங்கியவனே. சம்பளம் அவன் வீரத்தைக் குறைக்கவில்லை என்றால், கூலி தச்சனின் உழைப்பையும் குறைக்காது. துணிவு ஒரு கணத்தில் தேவைப்படுவது. பொறுமையோ ஒவ்வொரு காலையிலும் புதிதாகத் தேவைப்படுவது. இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்திருக்கும்போது முதலாவதை மட்டும் எண்ணி இரண்டாவதை விட்டுவிடுவது பாதிக் கணக்கு. வள்ளுவர் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். இல்வாழ்க்கைக்கும் உழவுக்கும் தனித்தனியே அதிகாரம் கொடுத்தார்.

எல்லோரையும் நினைவுகூர்ந்தால் நினைவுக்கே மதிப்புப் போய்விடாதா என்பது வலுவான தடை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டத்தில் அதற்குப் பதில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 800க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அதனால் எவருடைய மதிப்பும் குறையவில்லை. இத்தகைய கற்களில் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைப் பொறிப்பது போர்க் கல்லறை ஆணையத்தின் பங்கு. அடியில் 66 எழுத்துகளுக்குள் ஒரு வரியைக் குடும்பம் சேர்க்கலாம். அந்த வரிகளில் பலவும் போரைப் பேசுவதில்லை. அன்புக் கணவன், ஆசை மகன் என்கின்றன. வீரச்சாவைப் போற்றவென்றே அமைத்த இடத்திலும், வாய்ப்புக் கிடைத்தபோது, உறவுகள் வாழ்க்கையைத்தான் எழுதின.

செத்தவனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்பவர்களும் உண்டு. தெரியாமலே இருக்கட்டும். முன்னோருக்குச் செய்வதைப் பிதிர்க்கடன் என்கிறோம். கொடுத்தவர் கண்ணெதிரில் இல்லை என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடாது. மகாளய பட்சத்தில் ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்று சதுர்த்தசியை ஒதுக்கும் வழக்கமும் உண்டு. களத்தில் விழுந்தவர்களுக்கு அந்த ஒரு திதி. மற்றத் திதிகள், போருக்குப் போய்த் திரும்பி வந்து வீட்டுக்கு நிலை வைத்துக் கொடுத்தவர்களுக்கும் உரியவை.