விலகியவர்களும் உடனிருந்தவர்களும்

1977 நவம்பர் 9 அன்று எகிப்திய நாடாளுமன்றத்தில் அதிபர் அன்வர் சாதாத், சமாதானத்துக்காக உலகத்தின் கடைக்கோடிக்கும், ஏன், இஸ்ரேலிய நாடாளுமன்றத்துக்கே போகவும் தயார் என்றார். கைதட்டல் எழுந்தது. மேடை வேகத்தில் வந்த வார்த்தை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். விருந்தினராக வந்திருந்த பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அரஃபாத்தும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பயணம் உறுதியானது; எட்டாம் நாள் வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் ஃபஹ்மி பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த முகமது ரியாதிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்; சில மணி நேரத்தில் அவரும் விலகினார். சாதாத் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தபோது கூட இருந்தவர், அமைச்சரவைக்குப் புதிதாக வந்திருந்த சட்டப் பேராசிரியர் பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி.

தலைவர் தவறான வழியில் போகிறார் என்று ஓர் அமைச்சருக்கு உறுதியாகத் தெரிந்தால் அவர் விலக வேண்டுமா, உடனிருந்து தடுக்கப் பார்க்க வேண்டுமா? நம்மூர் வழக்கப்படி விடை சுலபம்: விலகியவன் மானஸ்தன், ஒட்டிக்கொண்டவன் நாற்காலிப் பித்தன். எகிப்தின் அந்தப் பத்து மாதங்களைப் பார்த்தால் விடை அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

ஃபஹ்மி அரசியல்வாதியாக வளர்ந்தவர் அல்லர்; வெளியுறவுத் துறையிலேயே படிப்படியாக ஏறியவர். இஸ்ரேலுடனான 1973 போர் முடிந்த கையோடு அமைச்சரானார். 1974, 1975 படைவிலக்க உடன்பாடுகளுக்காக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரோடு மல்லுக்கட்டிப் பேசியவர். எனவே அவர் சமாதானத்துக்கு எதிரி என்று சொல்ல வழியில்லை. ஜெனிவா மாநாட்டில் அரபு நாடுகள் எல்லாம் சேர்ந்து பேச வேண்டும் என்பது அவர் கட்சி. இஸ்ரேலை ஏற்பது, இனிப் போரில்லை என்று உறுதி தருவது இரண்டும்தான் எகிப்தின் கையிலிருந்த பெரிய சரக்கு. அதை ஜெருசலேம் பயணத்திலேயே இறக்கிவைத்துவிட்டால் பிறகு எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பது அவர் கேள்வி. கேட்டார், பதில் திருப்தி தரவில்லை, போய்விட்டார். பயணம் நிற்கவில்லை.

விலகலை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஒன்றையும் தடுக்காத விலகலால் யாருக்கு என்ன லாபம்? அறையில் இருந்த ஒரே அனுபவசாலியும் வெளியேறினால் தலைவரைச் சுற்றி ஆமாம் போடுகிறவர்கள்தானே மிஞ்சுவார்கள்? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்க, ஃபஹ்மியின் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவரைப் பார்க்க வேண்டும்.

முகமது இப்ராஹிம் கமேல் மேற்கு ஜெர்மனியில் எகிப்தின் தூதராக இருந்தார். சாதாத்தின் பழைய தோழர். 1946-இல் கெய்ரோவில் முன்னாள் நிதியமைச்சர் அமின் உஸ்மான் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் இருவரும் ஒன்றாகச் சிறையில் கிடந்தவர்கள். 1977 டிசம்பர் கடைசியில், ஜெருசலேம் பயணம் நடந்து முடிந்த பிறகு, அவர் அமைச்சரானார். ஃபஹ்மி தாண்ட மறுத்த கோடு ஏற்கெனவே தாண்டப்பட்டிருந்தது. அதைத் தெரிந்தே பொறுப்பேற்றவர் பிறகு எந்த இடத்தில் நின்று 'இதற்கு மேல் முடியாது' என்று சொல்வார்? போனது போகட்டும், இனி நடப்பதையாவது ஒழுங்காக நடத்தலாம் என்பதுதான் உடனிருப்பவர்களின் வழக்கமான நியாயம். அது கபட நியாயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் 'போனது' கொஞ்சம் நீண்டுகொண்டே போகும் என்பது அதில் உள்ள சிக்கல்.

1978 ஜனவரியில் பேச்சுவார்த்தைக்காகக் கமேல் ஜெருசலேம் போனார். இரவு விருந்தில் இஸ்ரேலியப் பிரதமர் பெகின், ஐம்பது வயதை ஒட்டியிருந்த அந்த வெளியுறவு அமைச்சரை எல்லார் முன்னிலையிலும் 'இளைஞர்' என்று சொல்லிப் பாடம் நடத்தினார். எழுதிவைத்த உரையை விட்டுவிட்டுக் கமேல் சுருக்கமாகப் பதில் சொன்னார். மறுநாளே சாதாத் குழுவைத் திருப்பி அழைத்துக்கொண்டார். தன் அமைச்சரின் மானத்துக்காக அன்று அவ்வளவு கோபப்பட்ட தலைவர்தான், எட்டு மாதம் கழித்து அதே அமைச்சரின் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேம்ப் டேவிட், மேரிலாந்தின் மலைக்காட்டுக்குள் மரவீடுகள் கொண்ட அமெரிக்க அதிபரின் ஓய்விடம். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை எகிப்து, இஸ்ரேல், அமெரிக்கா என்ற மூன்று நாட்டுக் குழுக்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தன. முடிவில் இரண்டு ஆவணங்கள் உருவாயின. எகிப்து-இஸ்ரேல் ஒப்பந்தத்துக்கான ஆவணம் தெளிவு: சினாய் திரும்பி வரும், பதிலுக்குச் சமாதானம். மேற்குக் கரையும் காசாவும் பற்றிய ஆவணம் மொழுக்கென்று இருந்தது. ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி, அதன் பிறகு பேச்சு. யூதக் குடியேற்றங்கள் நிற்க வேண்டும் என்ற வரி அதில் இல்லை. ஜெருசலேம் பற்றி ஆளுக்கொரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் விட, இரண்டாவது நடந்தால்தான் முதலாவது நடக்கும் என்ற கட்டு எங்கும் போடப்படவில்லை. சினாய்க்காகப் பாலஸ்தீனரைக் கைவிட்டதாகத்தான் இது முடியும் என்று கமேல் சாதாத்தின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். அமெரிக்க அதிபர் கார்ட்டரை நம்பலாம் என்பது சாதாத்தின் பதில். கமேல் விலகுவதாகச் சொன்னார். ஊர் திரும்பும் வரை இதை வெளியே விட வேண்டாம் என்று சாதாத் கேட்டுக்கொள்ள, அதற்குச் சம்மதித்தார். வெள்ளை மாளிகையில் கையொப்பம் இடப்பட்டபோது எகிப்தின் வெளியுறவு அமைச்சர் அங்கே இல்லை.

அதே நாள்களில் எகிப்தியக் குழுவின் சட்ட ஆலோசகர் நபில் எல் அரபியும் சாதாத்தைப் பார்த்துத் தன் மறுப்பைச் சொன்னார். சாதாத் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாக அவரிடமே சொல்லிவிட்டார் என்பது கமேல் எழுதிவைத்த செய்தி. எல் அரபி வேலையை விடவில்லை. சினாய் திரும்பியபோது தாபா என்ற கடற்கரைத் துண்டை மட்டும் இஸ்ரேல் விடவில்லை; ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் நிலம், அதில் ஒரு ஓட்டல். வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. எகிப்துக்காக அதை நடத்திக்கொடுத்த குழுவின் தலைவர் எல் அரபி. 1988-இல் தீர்ப்பு எகிப்தின் பக்கம் வந்தது, 1989-இல் தாபா திரும்பியது. தான் எதிர்த்த உடன்படிக்கையின் விளைவைத் தன் நாட்டுக்குச் சாதகமாகக் கடைசி அங்குலம் வரை வாதாடி வாங்கிக்கொடுத்தார்.

அப்படியானால் கமேலும் இருந்திருக்கலாமே? இல்லை என்பேன். எல் அரபி அதிகாரி. மறுப்பைத் தலைவரின் முகத்துக்கு நேரே சொல்லி, பிறகு முடிவுக்குக் கட்டுப்பட்டு உழைப்பது அதிகாரியின் நேர்மை. அமைச்சர் என்று ஆன கணத்தில் அந்தச் சலுகை போய்விடுகிறது. கொள்கை அவர் பெயரிலும் நிற்கிறது. இருபது முப்பது ஆண்டு தூதராக இருந்து அமைச்சராகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். அரசாங்கம் சொன்னதை அழகாகச் சொல்லிப் பழகிய நாக்கு, இப்போது தானே அரசாங்கம் என்பதை மறந்துவிடும். வள்ளுவர் தூதுக்கும் அமைச்சுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறார். அறிவுரையை ஏற்காத அரசனிடமும் நல்லதை எடுத்துச் சொல்வது அமைச்சனின் கடன் என்கிறார். சொல்லியும் கேளாவிட்டால் அவன் அடுத்து என்ன செய்வது என்று அந்த அதிகாரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் ராஜினாமாக் கடிதம் கிடையாது என்பதும் காரணமாக இருக்கலாம்.

பின்னால் நடந்தது யார் பக்கம்? 1982 ஏப்ரல் 25-க்குள் தாபா நீங்கலாகச் சினாய் முழுதும் எகிப்துக்கு வந்துவிட்டது. 1979-க்குப் பிறகு எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூளவில்லை. மகன்களைப் போர்முனைக்கு அனுப்பிப் பழகிய ஒரு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சாதாத்தின் பிடிவாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அதே நேரத்தில் குடியேற்றங்கள் நிற்கவில்லை. ஆவணத்துக்கு வெளியே பேசியபடி அவற்றை எவ்வளவு காலம் நிறுத்துவது என்பதில் கையொப்பத்தின் மை காய்வதற்குள்ளேயே கார்ட்டரும் பெகினும் வெவ்வேறு கணக்குச் சொன்னார்கள். தன்னாட்சிப் பேச்சு ஒரு முடிவுக்கும் வரவில்லை. எகிப்தை அரபு லீக் விலக்கிவைத்து, தலைமையகத்தைக் கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றியது. சாதாத் எதிர்பார்த்தது நடந்தது. கமேல் அஞ்சியதும் நடந்தது. ஆகவே விளைவைத் தராசில் வைத்து விலகலின் நியாயத்தை நிறுக்கப் பார்த்தால் தட்டு எந்தப் பக்கமும் சாயாது.

அந்த மரவீடுகளில் இருந்த மற்ற இரண்டு வெளியுறவு அமைச்சர்களின் கதை இதற்கு உதவும். மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களும் இரண்டாண்டுக்குள் பதவியை விட்டு விலகியவர்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. தன்னாட்சிப் பேச்சை வேறொருவர் பொறுப்பில் விட்டதும், அது போன போக்கும் பிடிக்காமல் இஸ்ரேலின் மோஷே தயான் 1979 அக்டோபரில் விலகினார். அமெரிக்காவின் சைரஸ் வான்ஸ் விலகியது 1980 ஏப்ரலில். தெஹ்ரானில் பிணைக் கைதிகளாக இருந்த அமெரிக்கர்களைப் படை அனுப்பி மீட்கும் திட்டம் அவருக்கு உடன்பாடில்லை. மீட்பு முயற்சி வென்றாலும் தோற்றாலும் நான் விலகுகிறேன் என்று, விமானங்கள் கிளம்புவதற்கு முன்பே கார்ட்டரிடம் சொல்லிவிட்டார். முயற்சி பாலைவனத்தில் எட்டு வீரர்களின் உயிரைக் குடித்து முடிந்தது. திட்டம் வென்று ஊரே கொண்டாடியிருந்தாலும் அவர் போயிருப்பார். தோல்விக்குப் பிறகு விலகுவதும், வெற்றி வந்தால் பேசாமல் இருந்துவிடுவதும் வியாபாரம். வான்ஸ் தனக்கு அந்த வசதியை வைத்துக்கொள்ளவில்லை. ஃபஹ்மியும் கமேலும் இந்தச் சோதனையில் தேறுகிறார்கள். உலகமே சாதாத்தைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இருவரும் வெளியேறினார்கள்.

உடனிருந்த பூட்ரோஸ் காலியைச் சந்தர்ப்பவாதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. துரோகி என்ற பெயர் அரபுத் தலைநகரங்களில் அவரைத் துரத்தியது. 1979-இல் ஹவானாவில் அணிசேரா நாடுகளின் மாநாட்டில், எகிப்தை வெளியேற்று என்ற கூச்சலுக்கு நடுவே எழுந்து தன் நாட்டுக்காக வாதாடியவர் அவர். தன்னாட்சிப் பேச்சில் உண்மையிலேயே ஏதாவது கிடைக்கும் என்று உட்கார்ந்து பேசியவர்களில் ஒருவர். ஆனால் அந்தப் பேச்சு செத்துவிட்டது என்று தெரிந்த பிறகும் இணையமைச்சராகவே ஆண்டுகள் ஓடின. 1991 வரை அதே பதவி, பிறகு துணைப் பிரதமர், 1992-இல் ஐ.நா. பொதுச்செயலாளர். எதற்காக இருக்கிறேன் என்று சொன்னாரோ அது போய்விட்ட பின் இருந்ததற்கு வேறு காரணம் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளோடு அவர் கட்டிய உறவு அந்தக் காரணம் என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கும்.

விலகியவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. கமேல் ஏன் சாதாத்தின் வேண்டுகோளுக்கு இணங்கினார்? நண்பனுக்குக் காட்டிய கண்ணியம் என்று விடலாம். கையொப்ப வேளையில் எகிப்தியக் குழு உடைந்து நிற்பது நாட்டுக்கு அழகல்ல என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். அந்த இரண்டொரு நாள் மௌனத்தை மன்னிக்கலாம். அதற்குப் பிந்தைய நீண்ட மௌனம்தான் உறுத்துகிறது. 1979 ஏப்ரலில் எகிப்து அரசு இஸ்ரேலுடனான சமாதான ஒப்பந்தத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டது. 99 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தது. அந்தக் காலத்து எகிப்தில் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு கதை. 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பில் சாதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபஹ்மியின் புத்தகம் 1983-இல் வந்தது. கமேலின் சாட்சியம் நூலாக வந்ததும் சாதாத் போன பிறகுதான், ஆங்கிலத்தில் 1986-இல். இரண்டும் கனமான புத்தகங்கள், இரண்டிலும் சாதாத்தின் மேல் கடுமையான குற்றச்சாட்டுகள். அவற்றுக்குப் பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. வாக்குச் சாவடிக்குப் போன எகிப்தியர்களின் கைக்கும், தங்கள் வெளியுறவு அமைச்சர்கள் இருவர் ஏன் போனார்கள் என்ற அந்த முழு விளக்கம் வாக்களிக்கும் முன் வந்து சேரவில்லை.