எவன் வீட்டு வெளிச்சம்?

நம் கூட்டங்களில் அடிக்கடி அடிபடும் சொல் ஒன்று உண்டு: 'வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல்'. வன்கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். மறைக்கப்பட்ட வரலாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். மூலையில் கிடக்கும் கலைஞனை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். துண்டறிக்கையானாலும் சரி, ஆய்வேடானாலும் சரி, இந்தச் சொல் இல்லாமல் நமக்கு ஒரு பத்தி நகராது. வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது என்பதை நாம் யாரிடமிருந்து வாங்கினோம்? சைவ சித்தாந்தக்காரன் ஆணவ மலத்துக்கு 'இருள் மலம்' என்றே பேர் வைத்திருக்கிறான். இருட்டு, கருப்பு, அழுக்கு, அறியாமை எல்லாம் அவனுக்கு ஒரே மூட்டை. அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே நாம் கருப்பு எங்கள் நிறம் என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதில் இருக்கிற கோளாறு எனக்கு உறைத்தது, நியூயார்க் நகரத்து ஜாஸ் இசைக்காரர்களைப் படம் எடுத்தவர்களைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான்.

சேரியில் ஆயிரம் பிரச்சினை கிடக்க இவனுக்கு ஜாஸ் கேக்குதா என்று தோழர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். 1972இல் பம்பாயில் 'தலித் பேந்தர்' என்று பேர் வைத்தவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கருப்பர்களின் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்தோம், கதைகளைக் கொண்டுவந்தோம். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி இதுதான். ஒருவன் இருட்டான கூடத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறான். எதிரே கேமராவோடு ஒருவன். கையில் இருக்கும் ஃபிளாஷை அடித்தால் படம் பளிச்சென்று விழும். அடிக்காவிட்டால், அந்தக் கூடத்தில் இருக்கிற அரைகுறை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். படம் கலங்கலாம், முகம் பாதி தெரியாமலே போகலாம். பார்த்தால் தொழில்நுட்பச் சங்கதி. வாசிக்கிறவன் மீது என் வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் அது அறம் சம்பந்தப்பட்ட சங்கதி.

அந்தக் கூடங்கள் எப்படிப்பட்டவை? 1935இல் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்ட் என்பது ஒரு நிலவறை. படியிறங்கிப் போக வேண்டும். மேடைக்கு மேலே சில விளக்குகள், மற்றபடி சிகரெட் புகை. 1954இல் கோடாக் கம்பெனி டிரை-எக்ஸ் என்ற வேகமான கருப்பு வெள்ளை ஃபிலிமைச் சின்னக் கேமராக்களுக்கும் கொண்டுவந்தது. அது வந்த பிறகும் லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரத்தில் டிரம் அடிக்கிறவன் கை எங்கேயோ போய்விடும். கை இருந்த இடத்தில் ஒரு புகைதான் மிஞ்சும்.

அந்தக் கூடங்களில் வாசிப்பதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் கூடங்களில் வாசிக்கிறவர்கள் போலீஸ் கொடுக்கும் 'கேபரே அட்டை' வைத்திருக்க வேண்டும். பில்லி ஹாலிடேயிடமிருந்து 1947இல் அதைப் பிடுங்கினார்கள். தெலோனியஸ் மங்க்கிடமிருந்து 1951இல் பிடுங்கி, 1957 வரை அந்த மகா கலைஞனைத் தன் சொந்த ஊர்க் கூடங்களில் வாசிக்க விடாமல் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால், 1920களில், ஹார்லெமில் காட்டன் கிளப் என்ற ஒன்று. மேடையில் கருப்பர்கள், கீழே உட்கார்ந்து கேட்பதற்கு வெள்ளைக்காரர்கள் மட்டும். ஹார்லெம் கருப்பர்களின் ஊர். அவர்கள் ஊரிலேயே அவர்களுக்கு நாற்காலி இல்லை. இதை நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம். ஊர்த் திருவிழாவில் முன்னால் அடித்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நின்றுவிடுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். அதே நியூயார்க்கில் 1713இல் போட்டது. பதினாலு வயதுக்கு மேற்பட்ட கருப்பின, செவ்விந்திய அடிமைகள் இருட்டிய பிறகு தெருவில் தனியாக நடந்தால், கையில் எரியும் விளக்கு இருந்தாக வேண்டும். வழி தெரிவதற்காக இல்லை. நடப்பவன் முகம் மற்றவனுக்குத் தெரிவதற்காக. விளக்கைச் சுமக்கிறவன் ஒருவன், அந்த விளக்கால் பார்க்கிறவன் வேறொருவன். சிமோன் பிரௌன் என்ற கருப்பின ஆய்வாளர் 2015இல் வெளிவந்த தன் நூலில் இந்த விளக்குச் சட்டங்களைக் கண்காணிப்பின் வரலாற்றில் வைத்துப் பேசுகிறார். அதைப் படித்த பிறகு 'வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல்' என்ற சொல் என் வாயில் முன்னைப்போல எளிதாக வருவதில்லை.

கருவியிலும் சாதி இருக்கிறது. ஒளிமானி என்று ஒன்று கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அது உலகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற சாமான். விழுகிற வெளிச்சத்தில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அதற்கு அளவுகோல். கருப்புத் துணியைக் காட்டினாலும் சாம்பலாக்கு என்று சொல்லும், வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் சாம்பலாக்கு என்று சொல்லும். முக்கால்வாசி இருட்டாக இருக்கிற மேடையைக் காட்டினால் பதறிப்போய், பத்தாது, இன்னும் வெளிச்சம் கொண்டா என்கும். அதன் பேச்சைக் கேட்டால் ராத்திரி அழுக்குச் சாயங்காலம் ஆகிவிடும், விளக்குப் படுகிற நெற்றி வெந்து வெள்ளையாகிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் முகத்தை மட்டும் அளப்பார்கள். கருப்பு முகமாக இருந்தால் மானி சொல்வதற்கும் ஒரு படி குறைத்து எடுப்பார்கள். நடுத்தரம் என்று கருவி வைத்திருக்கிற நியாயத்தை மீறினால்தான் கருப்பு கருப்பாக விழும்.

வண்ண ஃபிலிமின் கதை இன்னும் மோசம். படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிவைத்த அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பேர். அவள் தோல் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்த மாதிரி. பள்ளிக்கூடக் குழுப் படத்தில் கருப்புப் பிள்ளைக்குப் பல்லும் கண்ணும்தான் விழும். மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும், எங்க சரக்கோட நிறம் சரியா வரல என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே லோர்னா ராத் என்ற ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் தோலுக்கு இல்லாத மரியாதை மேசை நாற்காலிக்கு!

இப்படிப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ராய் டெகராவா வேலை செய்தார். 1919இல் ஹார்லெமில் பிறந்தவர், அம்மா ஒருத்தி வளர்த்த பிள்ளை. 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் கருப்பினப் புகைப்படக்காரர். லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் ஹார்லெம் வாழ்க்கையைப் படப் புத்தகமாகப் போட்டார். ஜாஸ் படங்களைச் சேர்த்து 1960களிலேயே ஒரு புத்தகம் கட்டி வைத்திருந்தார். அது அச்சில் வந்தது 2001இல். 'நான் பார்த்த ஒலி' என்பது போன்ற தலைப்பு அதற்கு. 2009இல் இறந்தார்.

அவர் ஃபிளாஷ் அடிக்கவில்லை. கூடத்தில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதுதான் அவர் வெளிச்சம். பிரிண்ட் போடும்போதும் இருட்டைத் தூக்கிவிடவில்லை. முதலில் பார்க்கிறவனுக்குக் கோபம் வரும். என்னய்யா இது, ஒன்றுமே தெரியலையே என்று தோன்றும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், கரிக்குள்ளே கரி, அதற்குள்ளே இன்னொரு கரி என்று பிரிந்து பிரிந்து வரும். கோட்டு ஒரு கருப்பு, கழுத்து ஒரு கருப்பு, பின்னால் நிற்கிறவன் தோள் இன்னொரு கருப்பு. படியிறங்கி நிலவறைக்குள் போனவன் கண் பழகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரத்தை அந்தப் படம் பார்க்கிறவனிடம் கேட்கிறது. நீ எங்கள் இடத்துக்கு வந்தாய், உன் கண்ணைப் பழக்கிக்கொள் என்கிறது.

ஹெர்மன் லெனர்ட் போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். கூடத்து விளக்குப் பக்கத்திலேயே தன் ஃபிளாஷையும் கட்டிவைத்து, சிகரெட் புகையையும் மின்ன வைத்து எடுத்தார் அவர். அழகான படங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றில் ஜாஸ்காரன் வழவழப்பாகிப் போகிறான். நான் டெகராவா பக்கம்.

நமக்கு ஒரு கதை இருக்கிறது. சேக்கிழார் சொல்கிற திருநாளைப்போவார் கதை. கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தன். இசை அவர் கொடுத்த தோலில்தான் உள்ளே ஒலிக்கிறது, அவர் வெளியே நிற்கிறார். திருப்புன்கூரில் பார்வையை மறைத்த நந்தி விலகிக்கொள்கிறது. அதாவது அவர் உள்ளே பார்க்கலாம். தில்லையில் அவர் உள்ளே வந்து மற்றவர் கண்ணில் பட வேண்டுமென்றால் தீக்குள் இறங்க வேண்டும். இறங்கி, பூணூலோடு முனிவனாக எழுந்து வருகிறார். பறையனாக இருந்த உடம்பு அந்த வெளிச்சத்தில் காணாமல் போகிறது. ஃபிளாஷ் அடித்துக் கருப்பு முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிறவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தில்லை தீட்சிதர்கள் வளர்த்த அந்த நெருப்பு ஞாபகம் வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு கூழ் ஊற்றும் திருவிழா. ராத்திரி பத்து மணிக்கு மேல், தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் விறைக்க விறைக்க அடிக்குச்சியால் ஒரு தட்டு, சிண்டுக்குச்சியால் ஒரு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் நெருப்பில் காட்டுவார்கள். கேமராவோடு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஃபிளாஷை அடித்துக்கொண்டே இருந்தார். அறுபது வயதிருக்கும் பெரியவர் ஒருவர் கடைசியில் சொன்னார்: "தம்பி, மூஞ்சியில அடிக்காதப்பா. கண்ணு கட்டிக்கிது, அடி தப்புது." பிள்ளை நல்ல பிள்ளை. நிறுத்திக்கொண்டார். பிறகு நெருப்பு வெளிச்சத்திலேயே எடுத்தார். பெரியவர் சொன்னது அழகியல் இல்லை, வேலைக்காரன் நியாயம். பெரிய பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது என்று புகைப்படக்காரர்களுக்கு விதி போடுகிறார்களே, அந்த மரியாதையைத்தான் அவர் கேட்டார். சபாவில் கேட்காமலே கிடைப்பது தெருவில் கேட்டால்தான் கிடைக்கிறது.

இதையெல்லாம் பேசும்போது ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். "ரெண்டாயிரம் வருஷமா நம்மள எவனும் பாக்கல. இப்பத்தான் பாக்க ஆரம்பிக்கிறான். இப்பப் போயி இருட்டுல நிறுத்தி வச்சிப் படம் எடுக்கணுங்கிறியா? இதெல்லாம் வயிறு நெறஞ்சவன் பேச்சு." லேசாகத் தள்ளிவிட முடியாத பேச்சு இது. உண்மை அறியும் குழுவோடு போகும்போது நானும் ஃபிளாஷ் அடித்துத்தான் எடுக்கிறேன். காயத்தின் ஓரம் தெரிய வேண்டும், எரிந்த கூரையின் கம்பு தெரிய வேண்டும். அரையிருட்டில் எடுத்த அழகான படத்தைக் காட்டினால் வழக்கு நிற்காது.

1959 ஆகஸ்ட் 17இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டு வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கூடத்து வாசலில், வெள்ளைக்காரப் பெண் ஒருவரை டாக்சியில் ஏற்றிவிட்டு நின்றவரைப் போலீஸ்காரர்கள் மண்டையில் அடித்தார்கள். நகர்ந்து போ என்றபோது, மேலே விளக்குப் போட்டு எழுதியிருந்த தன் பேரைக் காட்டி, அது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். வெளிச்சத்தில் இருந்த பேர் அவரைக் காப்பாற்றவில்லை. கோட்டில் ரத்தம் வடிய நிற்கும் அவர் படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படம் வேண்டும், அது பளிச்சென்று இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மைல்ஸை அறிந்தவன் யாராவது உண்டா? நம் ஊர்க் கேமரா குடிசை எரிந்தால்தான் வருகிறது. வந்து அடித்த வெளிச்சத்திலேயே நம்மை முழுசாகப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. தோழரிடம் இதைத்தான் சொன்னேன்: சாட்சிக்கு எடுக்கிற படம் வேறு, வாசிக்கிறவனை எடுக்கிற படம் வேறு. வாசிக்கிறவன் எவனுக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

டெகராவாவுக்கே தீராத ஒரு படம் உண்டு. 1956இல் எடுத்த 'நடனக்காரர்கள்'. ஒரு சங்கத்தின் விருந்துக் கூடத்தில், இடைவேளையில் இரண்டு கருப்பு ஆண்கள் ஜாஸுக்கு ஆடுகிறார்கள். ஏறக்குறைய எல்லாமே இருட்டு. வெள்ளையனைச் சிரிக்க வைத்துப் பிழைப்பதற்காகக் கருப்பன் தன்னைக் கோணலாக்கிக்கொண்ட பழைய காட்சிகளை அவர்களின் ஆட்டம் நினைவூட்டுகிறது என்று அவர் சங்கடப்பட்டார். ஆனாலும் அதில் இருந்த உயிர்ப்பை அவரால் விட முடியவில்லை. படத்தைக் கிழித்துப் போடவும் இல்லை, அது கொண்டாட்டம் என்று நம்மை ஏமாற்றவும் இல்லை.

பறையைக் கீழே போடுவதா, விடுதலைக் கருவியாகத் தூக்குவதா என்று 1990களில் தலித் கலை விழாக்களைச் சுற்றி நடந்த சண்டை இதே சண்டைதான். சாவுக்கு அடித்த கை அது, மறக்கக் கூடாது. அந்தக் கையில் இருந்த கலையும் பொய்யில்லை.

எங்கள் குழுவுக்கு இப்போது அந்த நெருப்புப் படம் ஒன்று வந்திருக்கிறது. அடிக்கிற பெரியவரின் பாதி முகம், ஒரு தோள், புகையாகக் கலைந்த கை. விழாச் சுவரொட்டியில் போடலாமா என்று அவரிடமே எடுத்துக்கொண்டு போனோம். விளக்குக்குப் பக்கத்தில் வைத்து நேரம் போவது தெரியாமல் பார்த்தார். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா மூஞ்சியே தெரியலையே" என்றது. "அப்பிடித்தாம்மா இருந்திச்சி அன்னிக்கி" என்றார் அவர். பிறகு எங்களைப் பார்த்து, "பேரப் போடுவீங்களா, இல்ல பறையாட்டக் கலைஞர்னு போட்டுட்டுப் போயிருவீங்களா?" என்றார். போடுகிறோம் பெரியப்பா என்றோம். அப்பா பேரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போடச் சொல்லி, எழுதிக்கொள்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.