புதரை வெட்டுவது தகுமா?

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் கான்வி தீவு இருக்கிறது. அதன் மேற்கோரத்து நிலத்துக்குக் கான்வி விக் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் ஆக்ஸிடென்டல் நிறுவனம் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுப்ப முனைந்தது. தேம்ஸில் தூர்வாரிய மணலையும் வண்டலையும் ஈர மேய்ச்சல் நிலத்தின் மேல் கொட்டி, தார்ச்சாலையும் விளக்குக் கம்பங்களும் போட்டார்கள். 1975இல் பணி நின்றுபோனது. ஒரு துளி எண்ணெய்கூட அங்கே சுத்திகரிக்கப்படவில்லை.

கொட்டிய மணலில் சத்துக் குறைவு. அதனால் புல் ஓங்கி வளர்ந்து மற்ற செடிகளை அமுக்கவில்லை. காட்டுப்பூக்கள் கோடை முழுதும் பூத்தன. வெறுமையாய்க் கிடந்த மணல் வெயிலில் சூடேறி, வளை தோண்டும் தேனீக்களுக்கு வாகாயிற்று. பிரிட்டனில் மிக அருகிவிட்ட ஷ்ரில் கார்டர் தேனீ உட்பட, ஏறத்தாழ 1,400 வகை முதுகெலும்பற்ற உயிர்கள் அங்கே பதிவாகியுள்ளன. 2005இல் அறிவியல் சிறப்புள்ள இடமாகச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு முன்பு மணலைத் திறந்தபடி வைத்திருந்தவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய, தீ வைத்து விளையாடிய உள்ளூர் இளைஞர்கள்தாம். அவர்களுக்கு எவரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தத் தொல்லை இல்லாத இடத்தில் புதர் மண்டும், நிழல் விழும், மணல் மூடிப்போகும். ஆகவே தன்னார்வலர்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்து, நன்றாக வளரும் இளமரங்களை வெட்டுகிறார்கள். இயற்கையைக் காக்க வந்தவர் மரத்தை வெட்டுவது தகுமா?

தலையிடாமல் விட்டுவிடுவதே மரியாதை என்பது ஒரு வாதம். மனிதக் கை படாத காட்டுக்கு அது பொருந்தலாம். இங்கே மண்ணே மனிதர் கொட்டியது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு தேர்வுதான். அதன் விலையைத் தேனீ கொடுக்கும். புதர் எசெக்ஸில் வேறெங்கும் வளரும், பூத்த மணல்வெளியோ எளிதில் கிடைக்காது. வெட்டுவதற்கான நியாயம் இதில் இருக்கிறது.

ஆனால் அரிதாயிருப்பது மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. புதரில் கூடுகட்டும் குருவிக்குத் தன் இனம் ஏராளம் என்பது ஆறுதலாகாது. குஞ்சுகள் பறந்த பிறகே வெட்டுவது, ஒரே ஆண்டில் முழுவதையும் வழிக்காமல் பகுதி பகுதியாகச் செய்வது, சில புதர்களை விட்டுவைப்பது ஆகியவை வேலை வசதிக்கான விதிகள் மட்டுமல்ல, அந்தக் குருவிக்குச் செலுத்தும் கடன். இன்னொரு காரணமும் உண்டு. இதே நிலத்தைத் தரிசு என்று மதிப்பிட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இன்றைய மதிப்பீடும் பிழைபடலாம் என்பதால், குறைவாக வெட்டிப் பார்ப்பதே நேர்மை.

நல்லெண்ணத்தாலும் கேடு வரும். இத்தகைய நிலத்தில் மரக்கன்று நடுவதும், வெடித்த தாரைப் பெயர்த்து நல்ல மண் பரப்புவதும், பார்வைக்குத் தொண்டு, பூச்சிகளுக்கு அழிவு. அழகுக்காக உழைக்க வந்தவர், கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியும் ஒன்றைக் காக்கப் பழக வேண்டியிருக்கிறது.

கூலியின்றி உழைப்பவர் இருக்கிறார்கள் என்பதற்காக, நிலத்தை மாற்றியவர்களின் பொறுப்பும் அரசின் செலவும் குறைந்துவிடக் கூடாது. புதர் ஆண்டுதோறும் தளிர்க்கும். ஆர்வம் அப்படித் தளிர்க்கும் என்பதற்கு உறுதியில்லை. தன்னார்வலர் வராத ஆண்டில் அந்த வேலையை ஏற்க, சம்பளம் பெறும் ஒருவர் இருந்தாக வேண்டும்.